அன்று நெடி ஏன் வரவில்லை

மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். மழையும் சுகம், அட்டைக்கடியும் சுகம், இரண்டுக்கும் இந்த வருடம் ஒரு குறைச்சலும் இல்லை. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அப்படியே நான் சொல்லி முடித்தாலும் நீ "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். அந்த "சரிங்கப்பா"வுக்கு என்ன அர்த்தம் என்று உன்னை வளர்த்த எனக்குத் தெரியாதா? கடிதம் என்றால் நீ படித்தாக வேண்டும். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு. உன் மாமியாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. ஒளிக்க இதில் எதுவும் இல்லை.

போன மாதம் நீ கேட்ட கேள்விக்குத்தான் இது பதில். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து கையில் கட்டோடு இருக்கிறார் என்றாய். மாப்பிள்ளையின் த்ரீவீலர் எஞ்சின் பிடித்துக்கொண்டு கராஜில் கிடக்கிறது என்றாய். நீ எழுதிப் போட்ட பாடசாலை இடமாற்றமும் கிடைக்கவில்லை என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, அன்னைக்கு சுத்திப் போட்டப்ப நெடி வரலயே, அதுனாலயா இருக்குமா?" என்று கேட்டாய். உனக்கு என்ன பைத்தியமா என்று சத்தம் போட்டு நான் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரக்காப்பொலயில் அத்தனை பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படித்துக் கொடுக்கிறவள் நீ. நீயே இப்படிக் கேட்கிறாய் என்றால் அந்தப் பயம் உனக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் சம்பந்தியம்மாவுக்கும் விளங்கும்.

உன் அம்மா நைமிளகாய் தின்கிற அழகை நீ பார்த்திருக்கிறாய். கொழுந்தெடுக்கப் போன காலத்தில் ரொட்டிக்கு அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். உப்புக்கல்லோடு ஒரு நைமிளகாய் இருந்தால் போதும், கிள்ளிக் கிள்ளித் தொட்டுக்கொண்டு முழு ரொட்டியையும் முடித்துவிடுவாள். மற்றவர்களுக்கு அந்தக் காரத்தில் காது அடைத்துப் போகும். அவள் காரத்தைக் கணக்கிலேயே எடுத்ததில்லை, அந்த மணத்துக்காகத்தான் தின்றாள். பிறகு வயிற்றில் புண் வந்தது. இனிமேல் காரம் வாயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பால்சொதியும் பருப்பும் எத்தனை நாளைக்குத்தான் இறங்கும்? சீனி டின்னுக்கு அடியில் காய்ந்த செத்தல் மிளகாயை ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்த அன்று நான் சாமி வந்தவன் மாதிரி ஆடினேன். வீட்டில் இருந்த செத்தல், தூள் எல்லாவற்றையும் லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இனி இந்த வீட்டுக்குள் செத்தல் மிளகாய் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். நீயும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டாய். அந்தச் சட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள், கதையே அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

சட்டம் போட்டவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தேயிலை இஸ்டோர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கி வீட்டில் இருந்தவன், போனில் மிளகாய் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். ஒரு சாதிப் பூவின் மகரந்தத்தை இன்னொரு சாதிப் பூவில் தடவினால் கலப்புச் செடி வரும் என்றார்கள். அப்படியானால் நைமிளகாயின் மணமும் கறிமிளகாயின் சாதுவான குணமும் ஒரே காயில் வராதா என்று எனக்குப் புத்தி போயிற்று. றக்வான பொலவில், அந்த வாரச் சந்தையில், நைமிளகாய் விற்கும் மாத்தயாவிடம் போய், நன்றாகப் பழுத்த பழம் வேண்டும், காரமில்லாத நைமிளகாய் உண்டாக்கப் போகிறேன் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "செர நெத்தி நைமிரிஸ்த?", காரமில்லாத நைமிளகாயா என்று பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். தண்ணீர் இல்லாத மழை கேட்டவனைப் பார்த்த மாதிரி பார்த்தார்கள். ஆனாலும் நல்ல பழமாகத்தான் பொறுக்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததுதான். உரப்பையும் பெயிண்ட் வாளியுமாக நடக்க இடமில்லாமல் ஆக்கினேன். கறிமிளகாய் மொட்டு விரிவதற்கு முன்னால், விடிந்ததும் விடியாததுமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசியால் மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஆண் நரம்பை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, நைமிளகாய்ப் பூவின் தூளைத் தடவி, தேனீ வந்து கெடுக்காமல் பழைய நுளம்பு வலையில் பை தைத்துக் கட்டினேன். கை கொஞ்சம் நடுங்கினாலும் சூல் முறிந்துவிடும். முறிந்தது, முறிந்தது, முறிந்துகொண்டே இருந்தது. உன் அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று, என்னைப் பூக்களுக்குக் கல்யாணத் தரகர் என்று லயம் முழுக்கப் பெயர் வைத்துவிட்டாள். யாருக்காக இந்தக் கூத்து என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கிண்டல் பண்ணினாள்.

கடைசியில் பிடித்த காயிலிருந்து முளைத்த முதல் கலப்புச் செடி ஆள் உயரத்துக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பழத்தை எல்லோருக்கும் முன்னால் கடித்தேன். அப்புறம் நான் பீலியடிக்கு ஓடி, தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டு நின்றதை நீ வீடியோ எடுத்து வைத்திருக்கிறாய், அதை அழித்துவிடு. காரம் என்றால் அப்படி ஒரு காரம். பிடுங்கி எறியப் போனவனை நீதான் தடுத்தாய். ஒளிந்திருக்கிற குணம் பேரப்பிள்ளைகளில்தான் வெளியே வரும் அப்பா, இதன் விதையை எடுத்து மறுபடியும் போடுங்கள் என்று பாடம் நடத்தினாய். அது சரியான பேச்சு. அவசரப்பட்டுப் பிடுங்குகிற புத்தி என்னிடமிருந்து உனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். புதுக் குடித்தனமும் அப்படித்தான். வந்த முதல் வருடத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையையும் எடை போடாதே, உன்னையும் எடை போடாதே. போட்ட இடத்தில் வேர் பிடிக்கட்டும்.

பேரப்பிள்ளைகள் முளைத்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒன்று குட்டையாக நின்றது, ஒன்று கொடி மாதிரிப் படர்ந்தது. மணம் இருந்தால் காரம் ஆளைக் கொன்றது, காரம் இல்லாவிட்டால் வெறும் புல்லைத் தின்ற மாதிரி இருந்தது. இஸ்தோப்பு மூலையில் கோணலாக ஒரு செடி இருந்தது. பூப்பதும் கொட்டுவதுமாக இருந்த அந்தச் செடியில், உன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு காய் நின்றுவிட்டது. அதன் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டி மோந்து பார்த்தேன். அசல் நைமிளகாய் மணம். காரம் இருக்கிறதா இல்லையா என்று கடித்தால்தான் தெரியும், கடித்தால் விதை பழுக்காது. கல்யாண வீடு, சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், எவனாவது கிள்ளிவிடுவான். அதனால் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். காம்பில் மஞ்சள் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டேன். சாமிக்கு நேர்ந்துவிட்டதை நம் லயத்தில் சின்னப் பிள்ளைகூடத் தொடாது அல்லவா? அம்மாவிடமும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை இந்தத் தடவை வந்துவிடும் என்று அவளுக்கு ஆசை காட்டி ஏமாற்றியாயிற்று, நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்வோம் என்று இருந்தேன்.

இனி அன்றைய காரியத்துக்கு வருகிறேன். கோயிலில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, உன்னை அழைத்துக்கொண்டு போக வேன் வந்து நின்றது. நான் மேலே ரோட்டில் வேன்காரனோடு மல்லுக்கு நின்றேன், அந்த வளைவில் இவ்வளவு சாமானையும் கூரையில் ஏற்றினால் கவிழும் என்று. நல்ல நேரம் முடியப் போகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். அம்மா உனக்குச் சுற்றிப் போட உப்பை எடுத்தாள், கடுகை எடுத்தாள், மிளகாய்க்குக் கை நீட்டினால் வீட்டில் செத்தல் மிளகாய் இல்லை. நான் போட்ட சட்டம். அடுத்த காம்பராவில் கேட்கலாம்தான், ஆனால் கல்யாணப் பெண்ணின் வீட்டில் ஒரு மிளகாய்க்கு வழியில்லை என்று பேச்சு வரும். இஸ்தோப்பில் மற்றச் செடிகளைக் கல்யாணச் சமையலுக்கு முந்தின நாளே மொட்டையடித்தாயிற்று. அப்போதுதான் அவள் கண்ணில் மஞ்சள் துணி பட்டிருக்கிறது. கோயில் பக்கமே தலைவைக்காத மனுஷன், தன் பிள்ளைக்காக ரகசியமாக நேர்ந்து விட்டிருக்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பழுத்துக்கொண்டிருந்த அந்தக் காயைப் பறித்து, உன் தலையைச் சுற்றி, உன்னைத் துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டாள்.

உப்பு வெடித்தது, கடுகு பொரிந்தது, நெடி வரவில்லை. ஒருவருக்கும் ஒரு தும்மல் இல்லை, ஒரு செருமல் இல்லை. திருஷ்டி பலமாக இருந்தால்தான் நெடி வராது என்று நம் ஆட்கள் சொல்வது உனக்குத் தெரியும். நெடி வரும்வரை மறுபடி மறுபடி சுற்ற வேண்டும், அதற்கு மிளகாயும் இல்லை, நேரமும் இல்லை. அம்மாவின் முகத்தை நீ பார்த்தாய், அவள் உன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற கலக்கம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

வேன் போன பிறகு இஸ்தோப்புக்கு வந்தால் மூலைச் செடியில் காம்பு மட்டும் நிற்கிறது. யார் பறித்தது என்று நான் போட்ட சத்தத்தில், வந்திருந்த சொந்தமெல்லாம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. உன் அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நான் விதை போயிற்று விதை போயிற்று என்று குதிக்கிறேன். அவள், "மொளகா போனா போகுதுங்க. நெடி வரலைங்கறேன், புள்ளைய நெனைச்சிப் பாருங்க" என்கிறாள். இரண்டு பேரும் ஒரே மிளகாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், ஆனாலும் எனக்கு விளங்கவில்லை. ஆத்திரத்தில் இருக்கிறவனுக்கு எதிரில் இருப்பதும் தெரியாது. அடுத்த நாள் காலையில் வாயில் பற்பொடியோடு நிற்கும்போதுதான் பொறி தட்டியது. காரமே இல்லாத மிளகாய் என்றால் நெடி எங்கிருந்து வரும்?

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். என் சமாதானத்துக்குச் சொல்றீங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காயவைக்காமல் பச்சையாகப் போட்டதால் நெடி வராமல் இருந்திருக்கும் என்று வேறொன்று சொன்னேன். அதை நிரூபிக்கிறேன் என்று, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பொலவில் வாங்கிய பழுத்த நைமிளகாய் ஒன்றைக் காயவைக்காமல் பச்சையாகவே அடுப்பில் போட்டேன். மகளே, என்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வரவே முடியவில்லை. தவழ்ந்து வெளியே வந்தேன். பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள், லயத்து நாய் இருமியது. கோயிலிலிருந்து வந்தவள் வாசலில் நின்று, "யாருக்குங்க சுத்திப் போட்டீங்க?" என்று கேட்டாள். பச்சை மிளகாய்க்கும் நெடி வரும் என்று ஆகிவிட்டது. ஆக, இரண்டில் ஒன்றுதான். அந்தப் பழத்தில் காரம் இல்லை, அல்லது உன் அம்மா பயப்படுவது சரி. நான் இதையெல்லாம் நம்பாதவன். ஆனால் சொந்தப் பிள்ளை என்று வந்துவிட்டால் நம்பாதவனும் ஒருதரம் சாமி படத்தைப் பார்ப்பான், நீயும் ஒரு நாள் தெரிந்துகொள்வாய்.

அதற்குப் பிறகு அந்த மூலைச் செடிதான் எங்களுக்கு எல்லாம். மழை படாமல் மேலே பொலித்தீன் கட்டினேன். பூத்தது, கொட்டியது. ஒவ்வொரு பூ கொட்டும்போதும் அம்மா அதைப் பொறுக்கி எடுத்துத் தொட்டியிலேயே போடுவாள். மாமியார் விழுந்தார் என்று நீ சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை. த்ரீவீலர் கதையைக் கேட்ட அன்று தாயத்துக்கு ஆள் பார்க்கக் கிளம்பிவிட்டாள், நான்தான் பஸ் இல்லை என்று பொய் சொல்லி நிறுத்தினேன். நீ அந்தக் கேள்வியைக் கேட்ட சமயத்தில் செடியில் மறுபடியும் ஒரே ஒரு காய் நின்றிருந்தது, பச்சையாக. அதைக் கடித்துப் பார்த்துவிட்டு உனக்குப் பதில் சொல்லலாமா என்று கைவைத்தேன். விதை பழுக்காமல் அதையும் அழித்துவிட்டால் அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கையை எடுத்துக்கொண்டேன். அதனால்தான் உன்மேல் எரிந்து விழுந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அது நன்றாகப் பழுத்தது. நான் கத்தியும் பழைய பேப்பருமாக உட்கார்ந்தேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து, முழுசாகக் கொடுங்கள், உங்கள் மகளை நினைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினாள். இதையும் நெருப்பில் போட்டால் விதைக்கு எங்கே போவது? நான் கொடுக்கவில்லை. அவள் விடவில்லை. நம் வீட்டில் கல்யாணத்துக்குக்கூட இப்படி வாக்குவாதம் நடந்ததில்லை. நான் பழத்தை இரண்டாகப் பிளந்து விதையை மட்டும் பேப்பரில் வழித்துக்கொண்டு, நெருப்பு எதற்கு, நானே கடித்துச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க பொய் சொல்லுவீங்க" என்றாள். "நெருப்பா எரிஞ்சாலும் காரமில்லன்னுதான் சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

அப்படித்தான் சொல்வதாகவும் இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பாதியை எடுத்து, காரமெல்லாம் குடியிருக்கும் அந்த வெள்ளைச் சதையோடு வாயில் போட்டுக்கொண்டாள். நான் கையைப் பிடித்தேன், வயிற்றைப் பற்றிச் சொன்னேன், துப்பச் சொன்னேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மென்றாள். மென்று விழுங்கினாள். மூடிய கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. போச்சு, வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டாள் என்று நான் தயிருக்கு ஓடப் போனேன். என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"காரம் ஒரு பொட்டு இல்லீங்க. புள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதம். உனக்கு ஒன்றும் இல்லை, மகளே. அன்று உன் தலையைச் சுற்றியது அப்பன் உண்டாக்கிய சாதுவான மிளகாய், அதற்கு நெடி வீசத் தெரியாது. மாமியார் விழுந்தது பாசியில், சம்பந்தியம்மா கோபிக்கக்கூடாது, தரையை ஒருநாள் தேய்த்துக் கழுவச் சொல்லு. த்ரீவீலருக்கு மாப்பிள்ளை எப்போது கடைசியாக ஒயில் மாற்றினார் என்று கேள், பதில் வராது. இடமாற்றத்துக்கு மறுபடியும் எழுதிப் போடு. இனி ஏதாவது தப்பாகப் போனால் கையில் இருக்கிற காரணத்தைப் பார், தலைக்கு மேலே தேடாதே. அப்படியும் பயமாக இருந்தால் எனக்குப் போன் பண்ணு. இனி எரிந்து விழமாட்டேன்.

உன் அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருடம் கண்ணாடியோடு மொட்டைப் பிரித்தவன் நான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"மணமா?" என்று என்னைப் பார்த்தாள். "அதை யாருங்க பாத்தா?"

சொல்லிவிட்டு, உனக்குப் போன் எடுக்கப் போனாள். மலை முழுக்க மூடுபனி, சிக்னல் இல்லை. வாசலில் போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் பேப்பரில் கிடந்த மற்றப் பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மணம் அப்படியே இருந்தது, மகளே.

அப்பா